பாசம் குறையவில்லை, பொதுவேலைதான் குறைந்தது

'மகிழ்ச்சி தருவது கூட்டுக்குடும்பமா, தனிக்குடும்பமா?' பொங்கல், தீபாவளி என்றால் தொலைக்காட்சியில் இந்தப் பட்டிமன்றம் தவறாமல் வந்துவிடும். பேச்சாளர்கள் மாறுவார்கள், பேச்சு மாறாது. தாத்தா பாட்டி மடியில் கதை கேட்டு வளர்ந்த காலம் போச்சு. செல்போன் வந்து எல்லாவற்றையும் கெடுத்துவிட்டது. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பெரியவர்கள் மேல் பாசமும் இல்லை, மரியாதையும் இல்லை. நடுவர் கண்கலங்குவார், அரங்கம் கைதட்டும், நிகழ்ச்சி முடிந்து விளம்பரம் வரும்.

முதியோரும் இளையோரும் விலகிப்போனது ஏன் என்று யாரைக் கேட்டாலும் இந்தத் தீர்ப்பைத்தான் திருப்பிச் சொல்கிறார்கள். நான் இதை ஏற்கவில்லை. இது தவறு என்பதோடு வசதியான தவறும்கூட. 'பிள்ளைகள் மனசு மாறணும்' என்று சொல்லி முடித்துவிட்டால் பள்ளிக்கூடத்துக்கு வேலை இல்லை, ஊராட்சிக்கு வேலை இல்லை, அரசுக்கு வேலை இல்லை. பழியை இருபது வயதுக்காரர் தலையில் போட்டுவிட்டு எல்லோரும் நிம்மதியாகத் தூங்கலாம்.

பழனியிலிருந்து கொடைக்கானலுக்கு ஏறும் மலைச்சாலையில் இருக்கிறது வடகவுஞ்சி. மேல்மலையில் இருக்கும் கவுஞ்சி வேறு, இது வேறு. இந்தப் பக்கத்து மலைச்சரிவுகளில் காபி, மிளகு, மலைவாழை, சௌசௌ. ஊராட்சிக்குள் பளியர் பழங்குடியினரின் குடியிருப்புகளும் உண்டு. இங்கே பிள்ளைகள் மலை இறங்குவது பெற்றவர்கள் மேல் வெறுப்பு வந்தா? மேற்படிப்புக்குப் பழனி, திண்டுக்கல், மதுரை. வேலைக்குத் திருப்பூர், கோவை. காபி விலை ஓர் ஆண்டு ஏறும், மறு ஆண்டு காலை வாரும். காட்டுமாடு இறங்கினால் ஒரே ராத்திரியில் தோட்டம் போய்விடும். இதையெல்லாம் பார்த்து வளர்ந்த பிள்ளை பஸ் ஏறுவதில் என்ன குற்றம்?

அப்படி இறங்கிய பிள்ளை மாதம் பிறந்தால் ஜிபேயில் பணம் அனுப்புகிறது. ராத்திரியானால் வீடியோ காலில் வந்து 'சாப்பிட்டியா அப்பத்தா?' என்று கேட்கிறது. பட்டிமன்றம் வில்லனாக்கிய அதே செல்போன்தான் மலையையும் திருப்பூரையும் சேர்த்து வைத்திருக்கிறது. பாசத்துக்கு ஒரு குறையும் இல்லை. 'சாப்பிட்டியா' என்பதற்கு அடுத்த கேள்விதான் இருவரிடமும் இல்லை. இருவருக்கும் பொதுவாக ஒரு காரியம் இருந்தால்தானே கேட்க ஒரு கேள்வி இருக்கும்? முன்பு கவாத்து வெட்டும்போது எந்தக் கிளையை விடுவது, எதை எடுப்பது என்று தோட்டத்தில் நின்று சண்டை போட்டுக்கொண்டார்கள். அந்தச் சண்டைதான் உறவு. வேலை பிரிந்தது, பேச்சு வற்றியது. என் வாதம் இவ்வளவுதான்: தலைமுறைகளைச் சேர்க்க வேண்டுமானால் பாசத்தைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டு, இருவரில் ஒருவர் இல்லாவிட்டாலும் முடியாத வேலைகளை ஊருக்குள் உண்டாக்க வேண்டும்.

முதலில் அந்தக் கூட்டுக்குடும்பப் புகழ்ச்சியைப் பார்ப்போம். ஒரே கூரையின் கீழ் மூன்று தலைமுறை இருந்தது நிஜம். அந்தக் கூரையின் கீழ் மருமகள் வாய் திறக்கவில்லை, சிறுவன் எதிர்க்கேள்வி கேட்கவில்லை என்பதும் நிஜம். சொத்து யார் பெயரில் இருந்ததோ அவர் பேச்சே பேச்சு. கூடி வாழ்ந்தார்கள், சரி, கூடிப் பேசினார்களா?

கூட்டுக்குடும்பம் இல்லாமலே தலைமுறைகள் ஒட்டி வாழ்ந்ததற்கு இந்த மலைக்காரர்களே சாட்சி. 1960களில் தொடங்கிப் பளியர்களிடையே நீண்ட காலம் கள ஆய்வு செய்தவர் அமெரிக்க மானுடவியலாளர் பீட்டர் கார்ட்னர். அவர் எழுதிய பளியர் வாழ்க்கையில் வீடு என்பது கணவன், மனைவி, பிள்ளைகள் மட்டும் கொண்ட சிறு குடும்பம். அவரை வியக்கவைத்தது இன்னொன்று. பெரியவர், சிறியவர், ஆண், பெண் என்ற பேதம் இல்லாமல் எல்லோருக்கும் ஒரே அளவு மரியாதை என்பது அவர்களிடம் எழுதாத சட்டம். குழந்தையைக்கூடத் தரக்குறைவாக நடத்தக் கூடாது. தேன் எடுப்பதும் வள்ளிக்கிழங்கு தோண்டுவதும் கூடவே போய்ப் பார்த்துக் கற்றவை; அதட்டி உருட்டிக் கற்பித்தவை அல்ல. 'பிள்ளைகள் பெரியவர்களை மதிக்க வேண்டும்' என்று மேலே மட்டும் பார்த்துப் பேசும் நம் பட்டிமன்றத்துக்கு, பெரியவர்களும் பிள்ளைகளை மதிக்க வேண்டும் என்று ஒரு நாளும் தோன்றியதில்லை.

அடுத்து வேலைக்கு வருவோம். இந்த மலையில் அப்படி ஒரு வேலையைச் சட்டமே உண்டாக்கித் தந்திருக்கிறது.

2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டப்படி, 2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்து காட்டில் குடியிருந்து அதை நம்பிப் பிழைக்கும் பழங்குடியினருக்கு, அவர்கள் அனுபவித்துவரும் நிலத்தின் மேல் உரிமை உண்டு. மற்ற பாரம்பரிய வனவாசிகள் என்றால் அந்தத் தேதிக்கு முன் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டு, அங்கே வாழ்ந்ததைக் காட்ட வேண்டும். பட்டாவும் ரசீதும் இல்லாத மக்கள் எதைக் காட்டுவார்கள்? அதற்கும் 2008-இல் வந்த விதிகளில் வழி இருக்கிறது. 13-ஆவது விதி சான்றுகளை வரிசைப்படுத்துகிறது. அரசு ஆவணங்கள் இருந்தால் சான்று. வீடு, வரப்பு, கிணறு, இடுகாடு, சாமி இடம், இவையும் சான்று. விண்ணப்பதாரர் அல்லாத ஊர்ப் பெரியவர்கள் சொல்வதை எழுதிப் பதிவு செய்தால் அந்த வாக்குமூலமும் சான்று.

இந்த உரிமையைக் கேட்கும் மனு தயாராகும் விதத்தைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்கள். முன்னால் ஒரு கிழவி நடக்கிறாள், பின்னால் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பெண் ஒருத்தி நோட்டும் செல்போனுமாகப் போகிறாள். ஒரு பலா மரத்தடியில் கிழவி நிற்கிறாள். இது மாமியார் வைத்த மரம். அதோ அந்த மேடு, அங்கேதான் செத்தவர்களைப் புதைத்தோம். ஓடைக்கு அந்தப் பக்கம் தேன்பாறை, அதுவரைக்கும் நம்ம எல்லை. 'எந்த வருசம் பாட்டி?' என்றால் வருசம் தெரியாது. 'பெரிய மழையில ரோடு போச்சுல்ல, அதுக்கு முந்தின வருசம். உங்க பெரியப்பன் வயித்துல இருந்தான்.' பெரியப்பனின் ரேஷன் கார்டைப் பார்த்து, கூட்டிக் கழித்து, அந்தப் பெண் வருசத்தைக் கண்டுபிடிக்கிறாள். போனில் இடத்தைக் குறிக்கிறாள். சொன்னதை எழுதி, வாசித்துக் காட்டி, கைநாட்டு வாங்குகிறாள். கிழவிக்கு எழுதத் தெரியாது. பேத்திக்கு எல்லை தெரியாது. இருவரும் சேர்ந்தால் அது கிராம சபை ஏற்கும் ஆவணம். தனித்தனியாக இருந்தால் ஒன்று கிழவியின் புலம்பல், மற்றொன்று வெற்றுப் படிவம்.

இந்த வேலையைத் தள்ளிப்போட்டால் என்ன ஆகும் என்பதையும் தமிழ்நாடு பார்த்துவிட்டது. 2008-இல் சென்னை உயர் நீதிமன்றம் தந்த இடைக்கால உத்தரவால் இங்கே உரிமைப் பத்திரம் வழங்குவது நின்றது. உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கியது 2016-இல். மற்ற மாநிலங்கள் பத்திரம் கொடுத்துக்கொண்டிருந்த எட்டு ஆண்டில் இங்கே 70 வயதுக்காரர் 78 ஆனார். பலர் இல்லாமலே போனார்கள். ஒரு முதியவர் இறந்தால் ஒரு நூலகம் எரிந்த மாதிரி என்று மேடையில் உருகுவார்கள். இங்கே போனது அதைவிடக் கறாரான ஒன்று: சட்டம் ஏற்கும் சாட்சி.

இந்த இடத்தில் எதிர்முகாம் எழுந்து நிற்கும். பட்டிமன்றத்தைப் பார்த்துச் சிரிக்கும் படித்தவர்களின் முகாம். 'பெரியவர்களின் அறிவு காலாவதியாகிவிட்டது. மழையே மாறிப்போச்சு, ஐப்பசி கார்த்திகைக் கணக்கெல்லாம் இனி எடுபடாது. வேண்டியது எல்லாம் யூடியூபில் இருக்கிறது' என்பார்கள். மழை மாறியது உண்மைதான். ஆனால் மாறியது என்று யாருக்குத் தெரியும்? மாறுவதற்கு முன் பார்த்தவருக்குத்தானே!

மீன்வள அறிஞர் டேனியல் பாலி 1995-இல் ஒரு சிக்கலைச் சுட்டிக்காட்டினார். ஒவ்வொரு தலைமுறையும் தான் முதன்முதலில் பார்த்த இயற்கையையே இயல்பான அளவாக எடுத்துக்கொள்கிறது. அதனால் இழப்பு இழப்பாகவே தெரிவதில்லை. பழனி மலைக்கு இது அப்படியே பொருந்தும். 1973-க்கும் 2014-க்கும் இடைப்பட்ட செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டு 2018-இல் 'பிளாஸ் ஒன்' இதழில் வந்த ஆய்வின்படி, இந்த மலையின் உயர்நிலப் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு நாற்பதே ஆண்டில் போய்விட்டது. சீகை, தைலம், பைன் என்று நட்ட மரங்களும் விவசாயமும் அதை விழுங்கின. இன்று பைன் காட்டில் செல்ஃபி எடுக்கும் பிள்ளைக்கு அது ஆதியிலிருந்தே இருக்கும் காடு. ஆய்வாளர்களின் ஒப்பீடு 1973-இல்தான் தொடங்குகிறது. அதற்கு முந்தைய மலையை நடந்து பார்த்தவர்கள் இன்னும் ஊருக்குள் இருக்கிறார்கள். அவர்களுக்கு அறுபத்தைந்தைத் தாண்டிவிட்டது. எந்த ஓடை கோடையிலும் ஓடியது, எந்தச் சரிவில் புல் மட்டும் இருந்தது என்பதை யூடியூபில் யாரும் ஏற்றி வைக்கவில்லை.

குறிஞ்சி பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூப்பது. கடைசியாக 2018-இல் பூத்தது, அடுத்தது 2030. இன்றைய ஒன்றாம் வகுப்புப் பிள்ளை அதை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. அதன் பாட்டி ஐந்து முறை பார்த்திருக்கலாம். முன்பு எந்த மேட்டில் பூத்தது, இப்போது எங்கே இல்லை என்று ஒப்பிட வேண்டுமானால் ஒரு மனிதர் ஆயுளில் சில வாய்ப்புகளே உண்டு. இப்படிப்பட்ட அறிவுக்கு ஒரு தலைமுறை போதாது. நாஸ்டால்ஜியாவுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. இது கணக்கு.

ஆய்வுக்கூடமா, அனுபவமா என்று இரண்டில் ஒன்றைக் கேட்பதும் வீண். பழனிப் பஞ்சாமிர்தத்துக்குப் பேர் வாங்கித் தந்த விருப்பாச்சி மலைவாழையை முடிக்கொத்து நோய் தோட்டம் தோட்டமாக அழித்தது. நோயற்ற திசு வளர்ப்புக் கன்றைத் தந்தது வேளாண் பல்கலைக்கழகம். அந்தக் கன்றைக் காபிக்கு நடுவில் எந்த நிழலில், எந்தச் சரிவில் வைத்தால் பிழைக்கும் என்பது மலைக்காரர் கைப்பழக்கம். 2008-09-இல் விருப்பாச்சி வாழை புவிசார் குறியீடு பெற்றபோது அந்தப் பேருக்குப் பின்னால் இரண்டு அறிவும் இருந்தன.

இனி, நல்ல மனசோடு நடக்கும் ஒரு தவறைச் சொல்ல வேண்டும். உலக முதியோர் தினமான அக்டோபர் 1 வந்தால் பள்ளிப் பிள்ளைகளைச் சீருடையோடு முதியோர் இல்லத்துக்குக் கூட்டிப்போகிறார்கள். ஒரு பாட்டு, ஒரு பொன்னாடை, ஒரு பழப் பை, ஒரு குரூப் போட்டோ. ஒரு மணி நேரத்தில் பஸ் கிளம்பிவிடும். இதனால் நன்மை இல்லாவிட்டாலும் தீமை இல்லையே என்பீர்கள். தீமை உண்டு. வயதானவர் என்றால் பரிதாபத்துக்குரியவர், கொடுத்தால் வாங்கிக்கொள்பவர் என்ற பாடத்தைப் பிள்ளை அங்கேதான் கற்கிறது. சந்திப்பு மட்டும் தப்பெண்ணத்தைப் போக்காது என்று அமெரிக்க உளவியலாளர் கோர்டன் ஆல்போர்ட் 1954-இலேயே எழுதினார். இரு தரப்பும் சம நிலையில் இருக்க வேண்டும், பொதுவான குறிக்கோள் வேண்டும், ஒத்துழைப்பு வேண்டும், நிறுவனத்தின் ஆதரவு வேண்டும். பழப் பை விழாவில் இதில் எது இருக்கிறது?

வேலையை நடுவில் வைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு உதாரணம் உண்டு. அமெரிக்காவின் பால்டிமோரில் அறுபது வயதைத் தாண்டியவர்களை வாரம் 15 மணி நேரம் தொடக்கப் பள்ளிகளில் பிள்ளைகளுக்கு வாசிக்கச் சொல்லித்தர வைத்தார்கள். திட்டத்தின் பெயர் 'எக்ஸ்பீரியன்ஸ் கோர்'. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் இதைச் சோதனையாகவே நடத்திப் பார்த்தது. முதியவர்களின் நடமாட்டமும் சிந்தனைத் திறனும் மேம்பட்டதை அதன் ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். பழத்தால் வராத தெம்பு பொறுப்பால் வந்தது.

அவ்வளவு தூரம் போவானேன்? 1991-இல் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் நடந்தது. ஊர் இளைஞர்களும் இளம்பெண்களும் லாந்தர் வெளிச்சத்தில் அம்மா வயதுப் பெண்களுக்கு எழுத்துச் சொல்லித்தந்தார்கள், சைக்கிளும் கற்றுத்தந்தார்கள். இருபது வயது ஆசிரியர் ஆனது, ஐம்பது வயது மாணவர் ஆனது. மரியாதை குறைந்ததாக யாரும் புகார் சொல்லவில்லை.

என் வாதத்துக்கு எதிராக உண்மையிலேயே கனமான கேள்வி ஒன்று இருக்கிறது. 'பெரியவர்களிடம் ஓடையும் மரமும் மட்டுமா இருக்கிறது? சாதியும் இருக்கிறதே. பெண்பிள்ளை படித்தது போதும் என்பதும் இருக்கிறதே. அதையும் சேர்த்தா கடத்தச் சொல்கிறீர்கள்?' மழுப்ப முடியாத கேள்வி இது. என் பதில்: அதனால்தான் குடும்பத்தை நம்ப வேண்டாம் என்கிறேன். வீட்டுக்குள் தாத்தாவிடம் பேரன் கற்பது தன் சாதித் தாத்தாவிடம் மட்டுமே கற்பது. பொது இடத்தில், பொதுவேலையில், தோட்டக்காரர் வீட்டுப் பையன் பளியர் கிழவரிடம் காட்டைக் கற்கும்போது நடப்பது வேறு. கூலிக்கு அழைக்கப்பட்டவர் அங்கே ஆசானாக நிற்கிறார். இளையவர்களும் நோட்டைத் திறந்து குறிப்பெடுப்பதோடு நிற்க வேண்டியதில்லை, மறுத்துப் பேசலாம். ஒரே மேசையில் உட்காராதவர்களை யார் மாற்ற முடியும்? விலகி நின்றால் பெரியவரின் சாதி அப்படியே இருக்கும். அவரோடு அறிவு மட்டும் போய்விடும்.

இன்னொரு ஐயமும் நியாயமானது. பொதுவேலை என்ற பெயரில் வயதானவர்களிடம் ஓசியில் வேலை வாங்குவதா? கூடாது. முதியோர் ஓய்வூதியம் 2023-இல்தான் 1,200 ரூபாய் ஆனது; அதில் வாழும் ஒருவரின் நாளுக்கு விலை உண்டு. எல்லை காட்டி நடந்தால் அந்த நாளுக்கு மதிப்பூதியம் தர வேண்டும். எழுதும் பிள்ளைக்கும் தர வேண்டும். பிள்ளைகளை மலையிலேயே கட்டிப்போடுவதும் என் நோக்கம் இல்லை. திருப்பூர் போகட்டும், சென்னை போகட்டும். விடுமுறைக்கு வரும்போது செய்ய ஒரு வேலை ஊரில் இருக்கட்டும்.

என்ன வேலை என்கிறீர்களா? தேடி அலைய வேண்டாம். 2002-ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வோர் உள்ளாட்சியும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு ஒன்றை வைத்திருக்க வேண்டும். ஊரின் செடி, கொடி, விதை, மீன், மருந்து, அவற்றைப் பற்றி மக்கள் அறிந்தவை எல்லாம் அதில் வர வேண்டும். நாடு முழுக்க இது ஏட்டளவில் கிடந்ததால் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2020 ஜனவரி 31 என்று கெடு வைத்தது. கெடுவுக்குப் பயந்து நிரப்பும் பதிவேட்டில் பட்டியல் இருக்கும், ஊர் இருக்காது. வடகவுஞ்சி மாதிரியான ஊராட்சி அதைத் திறந்து மறுபடி எழுதத் தொடங்கினால் பத்து முதியவர்களுக்கும் பத்துப் பிள்ளைகளுக்கும் சில ஆண்டுக்கு வேலை இருக்கிறது. பள்ளிக்கூடம் அதைச் செயல்திட்டமாக ஏற்றால் மதிப்பெண்ணும் கிடைக்கும்.

இடம் எது என்று கேட்டால் அதுவும் இருக்கிறது. 1982-இல் சத்துணவுத் திட்டத்தை விரிவாக்கிய தமிழ்நாடு, 1983-இல் முதியோர் ஓய்வூதியம் பெறுவோருக்கும் அதே மையங்களில் மதியச் சாப்பாடு போட்டது. பேரனும் தாத்தாவும் ஒரே பாத்திரத்துச் சோற்றைச் சாப்பிடலாம் என்று நாற்பது ஆண்டுக்கு முன்பே யோசித்த மாநிலம் இது. பிறகு நாமே வயதுவாரியாகப் பிரித்தோம்: குழந்தைக்கு அங்கன்வாடி, பிள்ளைக்குப் பள்ளி, இளைஞருக்கு நற்பணி மன்றம், கிழவருக்குத் திண்ணை. பிரித்துவிட்டு, ஏன் பேசிக்கொள்வதில்லை என்று பட்டிமன்றம் நடத்துகிறோம்.

அவகாசம் அதிகம் இல்லை. அரசின் மக்கள்தொகைக் கணிப்புப்படி 2021-இல் தமிழ்நாட்டில் 60 வயதைத் தாண்டியவர்கள் 13.6 சதவீதம், 2031-இல் 18.2 சதவீதம். இவ்வளவு பேரையும் பரிதாபத்தால் தாங்க முடியாது. அவர்களிடம் இருப்பதை வாங்கிக்கொள்ளும் ஊர்களால்தான் முடியும்.

அக்டோபர் 2 கிராம சபை நாள். கொடைக்கானல் மலையின் ஊராட்சிகள் அன்றைக்கு ஒரு தீர்மானம் போடட்டும்: பல்லுயிர்ப் பதிவேட்டையும் வன உரிமை மனுக்களையும் எழுத, முதியவர் ஒருவரும் மாணவர் ஒருவருமாக இணைத்து, மதிப்பூதியத்தோடு நியமிக்கிறோம் என்று. படித்துவிட்டு ஊருக்கு வந்திருக்கும் பிள்ளைகளே, தீர்மானத்துக்காகக் காத்திருக்க வேண்டாம். நோட்டை எடுத்துக்கொண்டு இந்த வாரமே போய் உட்காருங்கள். சொல்ல ஆள் இருக்கும்போதே எழுதிவிடுங்கள்.